கிழிக்கச் சொன்ன கடிதங்கள்

அத்தா இறந்து இரண்டு வருடம் கழித்து உக்கடத்து வீட்டைக் காலி செய்தோம். குனியமுத்தூரில் அண்ணன் கட்டிய வீட்டுக்குப் போகிறோம். சாமான்களைக் கட்டும்போது பரண் மேலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே அட்டை போன சிறுபத்திரிகைகள், மில்லில் கொடுத்த அடையாள அட்டை, பி.எஃப். காகிதங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பஞ்சு நூலால் கட்டிய ஒரு கட்டு. போஸ்ட் கார்டும் நீல இன்லேண்டு லெட்டருமாக எண்ணிப் பார்த்தேன், 63. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து.

அது பொள்ளாச்சி மாமாவின் கையெழுத்து. மாமா என்றால் சொந்தம் இல்லை. அத்தாவும் அவரும் ஒரே மில்லில், ஒரே ஷிஃப்டில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். ஷிஃப்ட் முடிந்து உக்கடத்தில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றிவிட்டுத்தான் இரண்டு பேரும் வீடு சேருவார்கள். எண்பதுகளில் மில் மூடியபோது அவர் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்த ஊருக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு காயிதம்தான். இருபது வருடத்துக்கு மேல்.

ஒரே ஒரு கடிதம் மட்டும் அந்தக் கட்டில் இல்லை. ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் தனியாக இருந்தது. தபால் முத்திரையில் மார்ச் 1998 என்று தெரிந்தது. கோவைக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. 1997 நவம்பரில் கலவரம், 1998 பிப்ரவரி 14இல் குண்டுவெடிப்பு. அதுவரை மாமா, மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்ட எத்தனையோ பேர் பேச்சைக் குறைத்துக்கொண்ட காலம். அந்தக் கடிதத்துக்குப் பிறகு இரண்டு வருடம் கட்டில் எதுவும் இல்லை. 2000இல் ஒரு பொங்கல் வாழ்த்தோடு மறுபடி ஆரம்பிக்கிறது.

நான் முதலில் மூன்று போஸ்ட் கார்டைப் படித்தேன். அதில் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போஸ்ட் கார்டு என்பது தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியது. பிறகு ஓர் இன்லேண்டு லெட்டரைப் பிரித்தேன். பாதிப் பக்கத்துக்கு ஒரு கவிதை. அந்தக் கவிதையில் எந்த வரி நிற்கவில்லை என்று சொல்லச் சொல்லி ஒரு வேண்டுகோள். அதற்குக் கீழே கடன் பற்றி, எங்கள் அம்மாவின் நகை பற்றி நாலு வரி. கடைசியில், "படிச்சதும் கிழிச்சுப் போட்டுரு மாப்ள."

அத்தா கிழிக்கவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக வைத்திருந்திருக்கிறார். கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருந்த அத்தா செய்தது சரியா? அதை எடுத்துப் படித்த நான் செய்தது சரியா? அன்று ராத்திரி சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் யோசித்தேன். அண்ணன் எட்டிப் பார்த்து, "பழைய பேப்பர்தானே, கடையில போட்ரு" என்றான். அம்மா மட்டும் கட்டைக் கையில் வாங்கி நூலைத் திரும்ப இறுக்கிக் கட்டினாள். "அடுத்தவங்க காயிதம்டீ. அமானிதம். கை வைக்காத."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். வைத்திருப்பவர் காப்பாற்ற வேண்டும், அனுபவிக்கக் கூடாது, கேட்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து கேட்ட சொல்தான். பணத்துக்கும் நகைக்கும் சொல்வார்கள். ஒரு கடிதத்துக்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடிதம் யாருடைய சொத்து என்று சட்டத்தைக் கேட்டால் அது கடிதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. காகிதம் பெற்றவருக்கு, சொற்கள் எழுதியவருக்கு. அதாவது மாமாவின் கடிதத்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அவரைக் கேட்காமல் அச்சில் போட முடியாது. பதிப்புரிமைக்கு இந்தப் பிரிவினை போதும். ஆனால் எனக்கு இருந்தது அச்சிடுகிற பிரச்சினை இல்லை. படிக்கலாமா என்பதுதான். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

கதை, கவிதை, கட்டுரை எழுதுகிறவர் தன் பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். கடிதம் எழுதுகிறவர் இருக்கும் ஒரே பிரதியையும் அனுப்பிவிடுகிறார். அதனால் அவருடைய எழுத்து இருக்குமா போகுமா என்பது இன்னொருவர் வீட்டுப் பரணைப் பொறுத்தது. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல் இதற்கு நல்ல உதாரணம். அந்தச் சின்ன ஊரில் கிட்டத்தட்ட ஒரே வயதுள்ள இரண்டு பையன்கள் சேர்ந்து வளர்ந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி. இன்னொருவர் கி. ராஜநாராயணன். பின்னால் இரண்டு பேருமே சாகித்ய அகாதெமி விருது பெற்றார்கள். அழகிரிசாமிக்கு 1970இல், அவர் இறந்த பிறகு. கி.ரா.வுக்கு 1991இல்.

ஆனால் கடிதங்கள் போய்வந்த காலத்தில் இந்த இருவரும் சமமான இரண்டு எழுத்தாளர்கள் இல்லை. அழகிரிசாமி 1940களிலேயே சென்னைக்குப் போய்ப் பத்திரிகை வேலையில் இருந்தார், கதைகள் எழுதினார். 1952இல் மலேயாவுக்குப் போய் 'தமிழ் நேசன்' நாளிதழில் ஐந்து வருடம் வேலை பார்த்தார். கி.ரா. ஊரிலேயே இருந்த கரிசல்காட்டுச் சம்சாரி. அவர் கதை எழுத்தாளராக வெளியில் தெரிய ஆரம்பித்ததே 1950களின் கடைசியில்தான். அப்படியானால் அதற்கு முன் அத்தனை வருடமும் அழகிரிசாமி யாருக்கு எழுதிக்கொண்டிருந்தார்? பத்திரிகை கையில் இல்லாத, விமர்சனம் எழுதாத, பரிசுக்குச் சிபாரிசு செய்ய முடியாத ஒரு சிநேகிதனுக்கு. சங்கீதம் பற்றி, படித்த புத்தகம் பற்றி, கம்பன் பற்றி, ஊர் ஞாபகம் பற்றி. அந்தச் சிநேகிதனிடமிருந்து அவருக்குக் கிடைக்கக்கூடிய லாபம் ஒன்றுமில்லை, கேட்டுக்கொள்ளும் காதைத் தவிர.

அழகிரிசாமி 1970இல் நாற்பத்தேழு வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். பல வருடம் கழித்து அந்தக் கடிதங்கள் புத்தகமாக வந்தன. சென்னையில் அறைகளும் வேலைகளும் மாறி, கடல் தாண்டிப் போய்த் திரும்பியவரின் எழுத்து, ஊரை விட்டு நகராத சம்சாரியின் வீட்டில் இருந்ததால் பிழைத்தது. புத்தகத்தில் கேட்பது அழகிரிசாமியின் குரல் மட்டும்தான். இந்தப் பக்கத்திலிருந்து போன பதில்களை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

கி.ரா. செய்தது சரியா? எழுதியவர் உயிரோடு இல்லை, அனுமதி கேட்க முடியாது. எனக்கு அதில் தவறு தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று யோசித்தபோதுதான் நான் தொலைவிலிருக்கும் இன்னொரு வீட்டை நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊர். எமிலி டிக்கின்சன் 1830இல் அங்கே பிறந்து 1886இல் அங்கேயே இறந்தார். பிற்பாதி வாழ்க்கையில் வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். ஏறக்குறைய 1800 கவிதைகள் எழுதியவர், உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்துக்குப் பக்கம், அதுவும் பெயர் இல்லாமல். ஆனால் தனிமையில் வாடியவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் எழுதிய கடிதங்களில் ஆயிரத்துக்கு மேல் இன்று கிடைக்கின்றன. கடிதமும் கவிதையும் அவருக்கு ஒரே உறையில் போகிற சமாச்சாரம். பக்கத்து வீட்டில் இருந்த அண்ணி சூசனுக்கு மட்டும் இருநூற்றைம்பது கவிதைகளுக்கு மேல் அனுப்பியிருக்கிறார். தோட்டத்தைத் தாண்டினால் சூசன் வீடு. நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். சில விஷயங்களைப் பக்கத்தில் இருப்பவருக்கும் எழுதித்தான் சொல்ல முடியும்.

1862 ஏப்ரலில் அவர் ஹிக்கின்சன் என்ற பத்திரிகை எழுத்தாளருக்கு முன்பின் பழக்கம் இல்லாமல் ஒரு கடிதம் போட்டார். நாலு கவிதைகளை இணைத்து, இவற்றில் உயிர் இருக்கிறதா என்று கேட்டார். கடிதத்தில் கையெழுத்து இல்லை. பெயரை ஓர் அட்டையில் எழுதி, அதைத் தனியாக ஒரு சின்ன உறையில் போட்டு, பெரிய உறைக்குள் வைத்திருந்தார். முதலில் கவிதையைப் பாருங்கள், பெயர் பிறகு. ஹிக்கின்சனுக்கு அந்தக் கவிதைகள் முழுசாகப் பிடிபடவில்லை. பிரசுரிக்க அவசரப்பட வேண்டாம் என்கிற மாதிரி அறிவுரை சொன்னார். இருந்தாலும் சாகும்வரை இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள், நேரில் சந்தித்தது இரண்டே தடவை. ஹெலன் ஹன்ட் ஜாக்சன் என்று இன்னொரு சிநேகிதி. அவரும் அதே ஊரில் அதே 1830இல் பிறந்த எழுத்தாளர். நீங்கள் மகா கவிஞர், வெளியிடாமல் இருப்பது தப்பு என்று விடாமல் சண்டை போட்டார். எமிலிக்குப் பிறகு அவர் கையெழுத்துப் பிரதிகளுக்குப் பொறுப்பாளியாக இருக்கத் தயார் என்றும் எழுதினார். ஆனால் ஹெலன் 1885இல் முந்திக்கொண்டார்.

எமிலி இறந்ததும் தங்கை லவினியா அக்காவுக்குக் கொடுத்த வாக்கின்படி அக்காவுக்கு வந்திருந்த கடிதங்களை நெருப்பில் போட்டார். கவிதைகள் பற்றி அப்படி எந்த உத்தரவும் இல்லை. அதனால் மேசை இழுப்பறையிலிருந்து அவை கிளம்பின. இன்று இலக்கிய மாணவர்கள் அந்தக் கடிதங்கள் எரிந்ததற்காக வருத்தப்படுகிறார்கள். நானும் வருத்தப்பட்டிருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரி மாமாவின் கடிதக்கட்டு பக்கத்தில் இருக்கும்போது லவினியாவை வேறு மாதிரி பார்க்கத் தோன்றியது. அக்காவை நம்பிச் சிலர் எழுதியிருந்தார்கள். அக்கா அவர்களைக் காப்பாற்ற நினைத்தாள். தங்கை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நமக்குத்தான் நஷ்டம். ஆனால் நாம் அந்த ஏற்பாட்டில் எங்கே இருந்தோம்? நம்மை யாரும் கேட்கவே இல்லையே.

இதைவிட மோசமானது எரிக்காமல் திருத்தியது. எமிலியின் கடிதங்கள் 1894இல் முதல்முறையாகப் புத்தகமாயின. தொகுத்தவர் மேபல் லூமிஸ் டாட். எமிலியை நேருக்கு நேர் பார்த்தே இராதவர். எமிலியின் அண்ணனோடு அவருக்கு உறவு இருந்தது, அந்த அண்ணனின் மனைவிதான் சூசன். அந்தத் தொகுப்பில் சூசனுக்கு எழுதிய கடிதங்கள் இல்லை. அண்ணனுக்கு எமிலி எழுதிய பழைய கடிதங்களில் சூசன் பற்றி வரும் இடங்கள் சுரண்டப்பட்டும் மையால் அடிக்கப்பட்டும் இருந்ததை ஆய்வாளர்கள் பின்னால் கண்டுபிடித்தார்கள். எமிலியின் வாழ்க்கையிலேயே அதிகக் கடிதங்கள் பெற்ற சிநேகிதி, கடிதப் புத்தகத்தில் காணாமல் போனாள்.

இப்போது இடைசெவலுக்குத் திரும்பிப் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் இறந்துபோனவரின் கடிதங்களை உயிரோடு இருப்பவர் வெளியிட்டார். ஆனால் கி.ரா. அந்தக் கடிதங்கள் எந்தக் கையை நம்பி எழுதப்பட்டனவோ அந்தக் கைக்குச் சொந்தக்காரர். எதை வெளியே சொன்னால் சிநேகிதன் சிரிப்பான், எதைச் சொன்னால் வலிக்கும் என்று தெரிந்தவர். தப்பாகவே செய்திருந்தாலும் அது ஒரு சிநேகிதன் சிநேகிதனுக்குச் செய்த தப்பாக இருந்திருக்கும். ஆம்ஹர்ஸ்டில் நடந்தது அதுவல்ல. ஒரு நட்பின் கடிதங்கள், அந்த நட்புக்கு வெளியே இருந்த ஒருவரின் சண்டைக்கு ஆயுதமாயின. கடிதத்தை வெளியிடுவதா வேண்டாமா என்பதைவிட, யார் கையில் இருக்கிறது, அந்தக் கை யாருக்காக வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். புதுமைப்பித்தன் தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று 1990களில் புத்தகமாக வந்தன. 1948இல் காசநோயால் இறந்துபோனவர். மனைவிக்கு எழுதிய கடிதத்தைவிட அந்தரங்கமானது வேறு என்ன இருக்கிறது? அதைப் படிக்கும்போது எனக்குக் கூசியது. ஆனால் படித்து முடித்தபின், எல்லாரையும் எல்லாவற்றையும் கிண்டல் செய்த அந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை. காசுக்குத் திண்டாடிக்கொண்டு, வீட்டை நினைத்துக்கொண்டு, சீக்கிரம் எல்லாம் சரியாகும் என்று மனைவிக்குத் தைரியம் சொல்கிற ஒருவர். படிக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் ஒழுங்கானவளாக இருந்திருப்பேனோ என்னவோ, அவரைப் பற்றி இன்னும் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பேன். அப்படியானால் இறந்தவர்களின் கடிதத்தைப் படிப்பது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகவும் இருக்கலாம் இல்லையா?

இருக்கலாம். ஆனால் இந்த வாதத்தை நான் சந்தேகப்படுகிறேன். காரணம் நம்முடைய ஃபோன். ஒரு சிநேகிதி ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீளமான செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்னொரு குரூப்பில் போடுகிறவர்கள் எல்லாரும் இதே மாதிரிதான் பேசுகிறார்கள். "அவளைப் பத்தி நாலு பேருக்குத் தெரியணும்ல." "அவளோட நல்லதுக்குத்தான்." நானும் செய்திருக்கிறேன். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது விரல் கொஞ்சம் தயங்குமே, அந்தத் தயக்கத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. எனக்கு அனுப்பப்பட்டது என்பதாலேயே அது என்னுடையது ஆகிவிடவில்லை என்று நமக்கு உள்ளுக்குள் தெரியும். இலக்கியம் என்று பெயர் வைத்தால் அந்தத் தயக்கம் மரத்துப்போகிறது, அவ்வளவுதான்.

அம்மா சொன்ன சொல் இங்கேதான் எனக்கு உதவியது. அமானிதத்தை வைத்திருந்தவர் இறந்துபோனால் அது பிள்ளைகளுக்குச் சொத்தாக வராது. திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமையாகத்தான் வரும். தமிழில் அடைக்கலம் என்ற சொல்லும் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகிறார்கள். கோவலன் சாவுக்கு மாதரி காரணம் இல்லை. இருந்தும் அடைக்கலத்தைக் காக்க முடியவில்லை என்று அவள் தீயில் விழுந்து சாகிறாள். ஒப்படைத்ததைக் காப்பதில் இந்த ஊர்கள் எவ்வளவு பயபக்தியோடு இருந்தன என்று தெரிந்துகொள்ள அந்த ஓர் இடம் போதும்.

ஆகவே எனக்கு வந்து சேர்ந்தது 64 கடிதங்களின் உரிமை இல்லை, பொறுப்பு. அதை ஒப்படைத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அத்தாவின் டைரியில் ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். மாமாவின் மகள் எடுத்தார்.

"அப்பா இருக்காங்க அக்கா. ஆனா கண்ணு சுத்தமாத் தெரியாது. சர்க்கரை."

கடிதங்களைத் திருப்பிக் கொடுத்தால் அவரால் படிக்க முடியாது. எனக்கு உடனே கோவை ஞானி ஞாபகம் வந்தார். கோவை ஞானி 1935இல் சோமனூரில் பிறந்தவர். தமிழாசிரியர், மார்க்சிய விமர்சகர். 1971இல் இங்கே தொடங்கிய 'வானம்பாடி' இயக்கத்தில் இருந்தவர். அந்த இதழ் தன்னைப் பத்திரிகை என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை, விலையில்லாக் கவிமடல் என்றுதான் சொல்லிக்கொண்டது. மடல் என்றால் கடிதம்தானே. புதுக்கவிதையைக் காசு வாங்காமல் ஊர் ஊராகத் தபாலில் அனுப்பி வைத்தார்கள். அத்தாவின் பெட்டியில் இருந்த சிறுபத்திரிகைகளில் ஞானி நடத்திய 'நிகழ்' இதழ்களும் இருந்தன.

எண்பதுகளின் கடைசியில் ஞானிக்குச் சர்க்கரை நோயால் பார்வை போனது. அதற்குப் பிறகு 2020இல் இறக்கும்வரை முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் படித்தார், எழுதினார், இதழ் நடத்தினார். எல்லாம் இன்னொருவர் படித்துக் காட்டி, இன்னொருவர் எழுதிக் கொடுத்து. அப்படியானால் அவருக்குக் கடிதம் போட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும், இதை முதலில் பார்ப்பது மூன்றாவது ஒருவரின் கண், சொல்லப்போவது மூன்றாவது ஒருவரின் தொண்டை. அவருடைய பதிலும் அதே வழியில்தான் வந்து சேரும். அதனால் அவரோடு யாருக்கும் நட்பு குறைந்துவிடவில்லை. எத்தனை இளைஞர்கள் அந்த வீட்டுப் படியேறினார்கள் என்று கோவையில் இலக்கியம் படிக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதுவரை மூன்றாவது ஆள் என்றாலே ஒட்டுக் கேட்கிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு நட்புக்கு மூன்றாவது ஆள் தேவைப்படும் நேரமும் உண்டு. வாசித்துக் காட்டுகிறவர் கடிதத்தைப் படிக்கிறார், ஆனால் தனக்காக இல்லை. மேபல் டாடுக்கும் ஞானிக்குப் படித்துக் காட்டிய பெயர் தெரியாத ஒருவருக்கும் இருக்கிற தூரம் அதுதான். நான் மூன்று போஸ்ட் கார்டையும் ஓர் இன்லேண்டு லெட்டரையும் எனக்காகப் படித்தேன். இனிமேல் படிப்பதாக இருந்தால் அவர் கேட்டால், அவருக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். ஆத்துப்பாலம், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, அங்கிருந்து ஒரு டவுன் பஸ். தென்னந்தோப்பு நடுவில் ஓட்டு வீடு. மாமா வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும், "உங்கத்தன் குரல் கொஞ்சம் இருக்குது அம்மிணி" என்றார்.

முதலில் நான் என் தப்பைச் சொன்னேன். நாலு கடிதம் பிரித்துப் படித்துவிட்டேன் என்று. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். "கிழிக்கலையா அந்த மனுசன்? படிச்சதும் கிழின்னு எத்தன காயிதத்துல எழுதியிருப்பேன்!" சிரித்தார். கோபமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "கிழின்னு எழுதறது கிழிக்கறதுக்கு இல்ல அம்மிணி. வேற ஆருகிட்டயும் காட்டீராதங்கறதுக்கு."

அத்தா போட்ட கடிதங்கள் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டேன். எனக்கு அதுதான் பெரிய ஆசை. "எல்லாம் வெச்சிருந்தேன். பொட்டியோட கரையான் தின்னுருச்சு. ஒன்னுகூட மிஞ்சல." கி.ரா.வுக்கு வந்த கடிதங்கள் இருக்கின்றன, எமிலிக்கு வந்தவை எரிந்துபோயின, மாமாவுக்கு வந்ததைக் கரையான் தின்றது. எந்த நட்பும் முழுசாக நம் கைக்கு வராது போல.

கட்டை அவர் மடியில் வைத்தேன். நூலைத் தடவிப் பார்த்து, "நம்ம மில்லு நூலு" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தொண்ணூத்தெட்டுல ஒரு காயிதம் போட்டேன். அது இருக்குதா?"

"இருக்குதுங்க மாமா. தனியா ஒரு கவர்ல வெச்சிருந்தாங்க."

"உங்கத்தன் அதப் படிச்சானா?"

அதை நான் படிக்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பா, குற்றச்சாட்டா, பயமா, இனிமேல் எழுத வேண்டாம் என்பதா. அத்தா படித்தாரா என்பதற்கும் அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. கவரிலிருந்து கடிதத்தை எடுத்தேன். பிரிக்காமல் வெளிப்பக்கம் மட்டும் பார்த்தேன். மற்றக் கடிதங்களின் மடிப்புகள் எல்லாம் விறைப்பாக இருக்கும். இதன் மடிப்பில் காகிதம் வெளுத்து, ஓரத்தில் இழை விட்டு, ஓர் இடத்தில் கிழிந்தும் போயிருந்தது. பின்னால் ஒரு செல்லோ டேப்.

"மடிப்பெல்லாம் தேஞ்சுபோயிருக்குதுங்க மாமா. கிழிஞ்ச இடத்துல டேப் ஒட்டி வெச்சிருக்காங்க."

அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். விரலால் அந்த மடிப்பைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. பிறகு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இது இருக்கட்டும். மித்ததப் படி" என்றார்.

சாயங்காலம் வரை படித்தேன். கவிதை வரும் இடங்களில் நிறுத்தச் சொல்லி, "இந்த எடம் நிக்கலன்னு அன்னிக்கே சொன்னான் உங்கத்தன்" என்று ஞாபகப்படுத்திக்கொண்டார். கரையான் தின்ற பதில்களில் கொஞ்சம் அப்படித் திரும்பி வந்தது. அம்மாவின் நகை பற்றிய நாலு வரியும் வந்தது, அதையும் படித்தேன், இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை. "படிச்சதும் கிழிச்சுப் போட்டுரு" என்று வரும் ஒவ்வொரு தடவையும் மாமா சிரித்தார்.

கடிதங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அண்ணன் கேட்டான், அம்மாவிடம் சொன்னேன், அவள் தலையை ஆட்டினாள். இலக்கியத்துக்கு ஏதாவது நஷ்டமா என்றால் இருக்கலாம். மாமாவின் கவிதைகளில் ஒன்றிரண்டு நன்றாகவே இருந்தன. வெளியிடலாமா என்று போன வாரம் ஃபோனில் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சொல்லாமலே போனாலும் போவார்.

அந்த 1998 கடிதத்தைப் படிக்கிற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. அது நல்ல ஆசை என்று நான் நினைக்கவில்லை, கெட்ட ஆசை என்றும் நினைக்கவில்லை. அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அது எழுதப்பட்டதற்கு ஒருவர் இருந்தார். அவர் பலமுறை படித்திருக்கிறார். எழுதியவருக்கு அது தெரிந்துவிட்டது.